அடிபட்ட தொழிலாளியின் மருந்துச் சீட்டு



பிரான்சில் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. வேலை செய்யும் இடத்தில் தொழிலாளிக்கு அடிபட்டால் அது யார் தப்பு என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம், முதலாளி இழப்பீடு கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பெல்லாம் முதலாளியின் கவனக்குறைவால்தான் கை போயிற்று என்று தொழிலாளியே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். கை போனவன் வக்கீலுக்கு எங்கே போவான்? அந்த வகையில் அது பெரிய சட்டம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-லும், இங்கிலாந்தில் 1897-லும் இதே போன்ற சட்டங்கள் வந்துவிட்டன.

பிரெஞ்சுச் சட்டத்தின் நான்காவது பிரிவில் ஒரு சிறு விஷயம் உண்டு. வைத்தியச் செலவும் மருந்துச் செலவும் முதலாளியையே சேரும் என்று அது சொல்கிறது. எழுதும்போது இரண்டு வரிதான். ஆனால் எந்த மருந்து, எந்த விலையில், எத்தனை நாளைக்கு, யார் சொன்னால் என்ற கேள்விகள் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன.

ஏழே ஆண்டுகளில் அந்தக் கேள்விகள் அரசாங்கத்தின் வாசலுக்கு வந்துவிட்டன. 1905 மார்ச் 31-ஆம் தேதி ஒரு திருத்தச் சட்டம் போட்டார்கள். தொழிலாளி தன் டாக்டரையும் மருந்துக்கடையையும் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் முதலாளி கொடுக்க வேண்டியதில்லை. அந்த விலைகளை வைத்து அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பட்டியல் வந்தது. அப்போது வணிக அமைச்சராக இருந்தவர் ஃபெர்னான் துய்பியெஃப். அதனால் அந்தப் பட்டியலுக்கே 'தாரிஃப் துய்பியெஃப்' என்று பெயர் நின்றுவிட்டது. தாரிஃப் என்றால் விலை விவரப் பட்டியல். என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான்.

சட்டம் எழுதுவது ஒரு வேலை, பட்டியல் எழுதுவது இன்னொரு வேலை. சட்டத்துக்கு மாலை விழும். பட்டியலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அடிபட்ட தொழிலாளியின் கைக்கு மருந்து வருகிறதா, சரியான மருந்து வருகிறதா என்பதைத் தீர்மானிப்பது பட்டியல்தான். அது இல்லாமல் போனால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகும். இதைச் சொல்லத்தான் இன்றைய கட்டுரை.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அரசு உத்தியோகத்தில் இருந்தபோது ஊழியர்களின் மருத்துவச் செலவு பில்களைச் சில ஆண்டுகள் பார்த்தவன் நான். ஒவ்வொரு பில்லோடும் டாக்டர் சீட்டு, கடை ரசீது, 'எஸென்ஷியாலிட்டி சர்டிபிகேட்' மூன்றும் இருக்க வேண்டும். இந்த மருந்து இந்த நோயாளி குணமாக இன்றியமையாதது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள் அது. டானிக், சத்துமாவு, சோப்பு வகையறாவுக்கு அனுமதி கிடையாது. ஊழியர்கள் எங்களை மனதுக்குள் திட்டியிருப்பார்கள். ஆனாலும் அந்தச் சிவப்பு மையின் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தையும், அது தவறிப் போகும் இடங்களையும் முழு அளவில் காட்டும் சரித்திரம் அமெரிக்காவில்தான் இருக்கிறது. பிரான்சில் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேலைவிபத்து மருந்துச் செலவெல்லாம் பொதுவான சமூகப் பாதுகாப்பு அமைப்புக்குள் போய்விட்டது. அமெரிக்காவில் அப்படி ஆகவில்லை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். பெரும்பாலான இடங்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே பணம் கொடுக்கின்றன. ஒஹாயோ, வாஷிங்டன், வட டகோட்டா, வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டும் தனியார் கம்பெனிகளுக்கு இடமில்லை. அரசு நிதியே நடத்துகிறது.

அங்கே இந்தச் சட்டம் சுலபமாக வரவில்லை. நியூயார்க் மாநிலம் 1910-ல் கொண்டுவந்த இழப்பீட்டுச் சட்டத்தை அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாது என்று தள்ளிவிட்டது. மறுநாளே, மார்ச் 25 அன்று, நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் நிலைத்து நின்ற முதல் சட்டம் வந்தது. கடைசி மாநிலமான மிசிசிப்பிக்கு வந்து சேர 1948 ஆயிற்று. தொழிலாளிக்கு ஒரு சட்டம் வருவதற்கு முன் உயிர் போக வேண்டியிருப்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. 1936 ஜூலை 30-ஆம் தேதி நம் ஊர் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுடப்பட்டு இறந்த பிறகுதான், 1937-ல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று.

அந்த முதல் சட்டங்களில் மருந்துக்குக் கையிறுக்கம்தான். பல மாநிலங்கள் சில வாரம், சில மாதம் என்று நாள் கணக்கு வைத்தன. சில மாநிலங்கள் பண வரம்பும் வைத்தன. நாள் முடிந்தால் வைத்தியமும் முடிந்தது. உடைந்த எலும்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது அல்லவா? மெல்ல மெல்ல இந்த வரம்புகள் தளர்ந்தன. 1972-ல் ஒரு தேசியக் குழு அமெரிக்க மாநிலச் சட்டங்களையெல்லாம் ஆராய்ந்து, அடிபட்டவருக்குத் தேவைப்படும் வைத்தியத்துக்குக் கால வரம்போ பண வரம்போ இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஆனால் வரம்பை எடுத்த இடத்தில் பட்டியலை வைக்க யாரும் அவசரப்படவில்லை. அந்தக் காலத்தில் மருந்து, மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான். ஆஸ்பத்திரியும் அறுவை சிகிச்சையும்தான் பெரிய செலவு. அதனால் மருந்துப் பக்கம் கதவு திறந்தே கிடந்தது.

தொழிலாளர் இழப்பீட்டில் மருந்துக்கு ஒரு தனித் தன்மை இருக்கிறது. சாதாரண இன்ஷூரன்சில் மருந்து வாங்கும்போது நோயாளியும் ஒரு பங்கு கொடுப்பார். விலை ஏறினால் அவர் கேள்வி கேட்பார். வேலையில் அடிபட்டவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அது நியாயமும்கூட, முதலாளிக்கு உழைக்கப் போய் முதுகை ஒடித்துக்கொண்டவரிடம் பங்கு கேட்கலாமா? ஆனால் விளைவு என்னவென்றால், எழுதுகிறவர் டாக்டர், சாப்பிடுகிறவர் தொழிலாளி, பணம் கொடுப்பவர் மூன்றாமவர். விலையைப் பார்த்து முகம் சுளிக்க எதிரே யாரும் இல்லை. அதோடு, ஒரு கோப்பு திறந்தால் பத்து, இருபது ஆண்டு ஓடலாம். நாற்பது வயதில் முதுகில் அடிபட்டவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை போய்க்கொண்டே இருக்கும்.

இந்த மாதிரித் திறந்த கதவு வழியாக முதலில் உள்ளே வந்தது வலி மருந்து.

1995 டிசம்பரில் ஆக்சிகான்டின் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 1996-ல் கடைக்கு வந்தது. அபின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. அதுவரை புற்றுநோய் முற்றியவர்களுக்கும் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் என்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருந்த வகை. மருந்து மெதுவாகக் கரைவதால் பழக்கமாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி, பர்டியூ என்ற கம்பெனி அதை முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கொண்டுபோயிற்று. பின்னாளில், 2007-ல், மருந்தின் ஆபத்தைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்ததாக அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. ஆனால் அதற்குள் பதினோரு ஆண்டு ஓடிவிட்டது.

அமெரிக்காவில் வேலையில் அடிபடுகிறவர்களிடம் அடிக்கடி வரும் புகார் என்ன? மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொள்வதுதான். லாரியில் சரக்கு ஏற்றுகிறவர், கட்டட வேலை செய்கிறவர், ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கும் தாதி எல்லாருக்கும் முதுகுதான். ஆகவே புதிய வலி மாத்திரை தொழிலாளர் இழப்பீட்டுக் கோப்புகளில் வெள்ளம் மாதிரி புகுந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் அரசு நிதி என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு மாத்திரைக்கும் அரசு இலாகா பணம் கொடுப்பதால் ஒவ்வொரு சீட்டும் அதன் கோப்பில் இருக்கும். அந்த இலாகாவில் ஜேமி மை என்ற பெண்மணி மருந்தாளுநராக வேலை பார்த்தார். கோப்புகளைப் படித்துக்கொண்டு வரும்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. முதுகுப் பிடிப்பு என்று வந்தவர்கள் சிலர் இறந்துபோயிருக்கிறார்கள். முதுகுப் பிடிப்பில் யாரும் சாவதில்லை. அவர் இதை இலாகாவின் மருத்துவ இயக்குநர் டாக்டர் கேரி ஃபிராங்க்ளினிடம் கொண்டுபோனார். இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து, கோப்புகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார்கள்.

2005-ல் அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது. 1990-களின் நடுவிலிருந்து 2002 வரையான காலத்தில் அடிபட்ட தொழிலாளர்களில் 32 பேர் வலி மாத்திரையின் அளவு மீறியதால் நிச்சயமாகவோ பெரும்பாலும் அப்படியாகவோ இறந்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். தற்கொலை அல்ல, திருட்டு மருந்தும் அல்ல. டாக்டர் எழுதி, இலாகா பணம் கொடுத்த மருந்து. அதே காலத்தில் கடுமையான வகை மாத்திரைகளின் சராசரித் தினசரி அளவு சுமார் ஒன்றரை மடங்காக ஏறியிருந்தது. உடம்பு மருந்துக்குப் பழகப் பழக அளவு கூடும். அளவு கூடக்கூடத் தூக்கத்தில் மூச்சு நிற்கும்.

பில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிற்று. ஒவ்வொரு பில்லும் தனியே பார்த்தால் சரியாகவே இருந்திருக்கும். டாக்டர் கையெழுத்து உண்டு, ரசீது உண்டு, தொகை கூட்டினால் சரி. எந்தக் குமாஸ்தாவும் ஆட்சேபம் எழுத முடியாது. பில்லைக் கடந்து கோப்பைப் படித்தவருக்குத்தான் உண்மை தெரிந்தது.

2007-ல் வாஷிங்டன் மாநிலத்தின் இலாகாக்கள் கூடி ஒரு வழிகாட்டி வெளியிட்டன. மார்பின் கணக்கில் நாளொன்றுக்கு 120 மில்லிகிராமைத் தாண்டினால், நோயாளியின் வலியும் நடமாட்டமும் உண்மையிலேயே மேம்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வலி நிபுணரின் யோசனை கேட்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். மருந்தைத் தடை செய்யவில்லை. ஒரு இடத்தில் நின்று யோசி என்றார்கள், அவ்வளவுதான். அதற்கே எதிர்ப்பு வந்தது, வழக்கும் வந்தது. ஆனால் அதிக அளவில் மாத்திரை சாப்பிடும் தொழிலாளர்களின் எண்ணிக்கை குறைந்தது. பிறகு இறப்பும் குறையத் தொடங்கியது.

ஒஹாயோ மாநிலத்தின் கதையும் இதே வகைதான். அங்கே 2011-ல் கணக்கெடுத்தபோது, வலி மாத்திரையை விட முடியாத நிலையில் 8,000-க்கு மேற்பட்ட அடிபட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அந்த இலாகா ஒரு மருந்துப் பட்டியலைக் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள மருந்து உடனே கிடைக்கும். இல்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். 2017-ல் அந்த எண்ணிக்கை சுமார் 3,300 ஆகக் குறைந்தது.

டெக்சாஸ் செய்ததில் ஒரு நிதானம் இருந்தது. அங்கே 2005-லேயே சட்டசபை பட்டியல் போடச் சொல்லிவிட்டது. பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2011 செப்டம்பர் 1. ஆனால் அன்று முதல் புதிதாக அடிபடுகிறவர்களுக்கு மட்டும். பழைய கோப்புகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து, 2013 செப்டம்பர் 1 முதல்தான் அமல்படுத்தினார்கள். பத்து வருஷமாக மாத்திரை சாப்பிட்டவரிடம் நாளை முதல் கிடையாது என்று சொல்லக் கூடாது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டு ஆண்டு அவகாசத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால் பிறகு மற்ற இடங்களில் வேறு மாதிரியும் நடந்தது. 2016-ல் அமெரிக்க மத்திய அரசின் நோய்த் தடுப்பு நிறுவனம் வலி மாத்திரைக்கு வழிகாட்டி வெளியிட்ட பிறகு, சிலர் அதைக் கத்தி மாதிரி பயன்படுத்தி, பழைய நோயாளிகளின் மருந்தைத் திடீரென்று நிறுத்தினார்கள். வலி தாங்காமல் தவித்தவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2019-ல் மருந்து அனுமதி கொடுக்கும் அரசு நிறுவனமே, இப்படித் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. பட்டியல் இல்லாததும் கொல்லும். ஈரமில்லாத பட்டியலும் கொல்லும்.

இனி விலைக்கு வருகிறேன். இங்கே நடந்த தந்திரங்களைப் படித்தால் நம் ஊர்ச் சந்தை வியாபாரிகள் வெட்கப்படுவார்கள்.

அமெரிக்காவில் மருந்துக்குச் 'சராசரி மொத்த விலை' என்று ஒரு அச்சிட்ட விலை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சராசரியும் அல்ல, மொத்த வியாபாரிகள் அந்த விலைக்கு வாங்குவதும் இல்லை. மருந்து விற்கிறவர்கள் தரப்பிலிருந்து வரும் எண் அது. ஆனால் பல மாநிலங்களில் இழப்பீட்டு மருந்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கு அந்த எண்ணை வைத்துத்தான் நடந்தது.

கலிஃபோர்னியாவில் இந்த முறையை மாற்றி, ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம் கொடுக்கும் விலைதான் இழப்பீட்டு மருந்துக்கும் உச்ச விலை என்று வைத்தார்கள். உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய டப்பாவில் வரும் சாதாரண மாத்திரையைச் சின்னச் சின்னப் புட்டியில் போட்டு, புதிய எண் வாங்கி, புதிய விலை அச்சிட்டு, டாக்டருக்கே விற்றார்கள். டாக்டர் தன் கிளினிக்கிலேயே நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு இழப்பீட்டு நிதிக்கு பில் போடுவார். அந்தப் புட்டியின் எண் அரசுத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆகவே உச்ச விலையும் இல்லை. மாத்திரை அதே மாத்திரை. புட்டி மட்டும் வேறு, விலை பல மடங்கு. 2007 மார்ச் முதல் இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அடைத்த பிறகு என்ன ஆயிற்று? தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் ஒரு பழைய மாத்திரை 5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் காலங்காலமாக மலிவாகக் கிடைத்துவந்தது. திடீரென்று டாக்டர் கிளினிக்குகளில் 7.5 மில்லிகிராம் மாத்திரை பெருகியது. விலை மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் ஏழரையில் என்ன விசேஷ குணம் இருக்க முடியும்? நம் பக்கத்தில் ஏழரை என்றாலே சனியன் ஞாபகம்தான் வரும்.

அடுத்தது கலவைக் களிம்பு. நாலைந்து மருந்தை ஒன்றாகக் குழைத்துத் தடவக் கொடுப்பது. மாத்திரை விழுங்க முடியாத சிலருக்கு அது உண்மையிலேயே தேவை. அந்தத் தொழிலே அதற்காக ஏற்பட்டதுதான். ஆனால் கலவையில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலை போடலாம் என்று இருந்ததால் ஒரு டியூபுக்குச் சில ஆயிரம் டாலர் வரை பில் வந்தது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கென்று, தபால்காரர்கள் உட்பட, தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் கலவை மருந்துக்கு 2011-ல் ஆன செலவு சில மில்லியன் டாலர். 2015-ல் அது 20 கோடி டாலரைத் தாண்டியது. நாலே வருஷத்தில்! தபால்காரர்களுக்கு அதற்குள் நூறு மடங்கு அடிபடவில்லை. கடைசியில் 2016 அக்டோபரில் ஒரு விதி வந்தது: கலவை மருந்து வேண்டுமென்றால், அது ஏன் அவசியம் என்று டாக்டர் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். நம் எஸென்ஷியாலிட்டி சர்டிபிகேட்தான் அது! எத்தனையோ ஊழியர்கள் சலித்துக்கொண்ட அந்தத் தாள் அமெரிக்காவுக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

பட்டியல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பட்டியலை நடத்துவதற்கு என்றே அங்கே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. மருந்துக்கடைக்கும் பணம் கொடுப்பவருக்கும் நடுவில் உட்கார்ந்து, விலை பேசி, பில்லைச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. 2019-ல் ஒஹாயோ மாநிலம் அப்படிப்பட்ட ஒரு கம்பெனி மேல் வழக்குப் போட்டது. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய தள்ளுபடியைக் கொடுக்காமல் தொழிலாளர் இழப்பீட்டு நிதியிடம் சுமார் 1.6 கோடி டாலர் அதிகம் வாங்கிவிட்டதாகக் குற்றச்சாட்டு. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. வேலிக்கும் ஒரு வேலி வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1923-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. 1924 ஜூலை 1 முதல் அமல். கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு என்று அதில் அட்டவணை உண்டு. மருந்துச் செலவு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 1898-லேயே எழுதியது இந்தியச் சட்டத்தில் வர 2009 வரை ஆயிற்று. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான், வேலையில் பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். கிட்டத்தட்ட 86 ஆண்டு.

இடையில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. 1944-ல் பேராசிரியர் அடார்க்கர் கொடுத்த அறிக்கையை அடிப்படையாக வைத்து, 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். டில்லியிலும் அன்றே ஆரம்பம். அது பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழி அல்ல. மருந்தையே கொடுக்கும் வழி. மருந்தகத்தில் போய் நின்றால் மாத்திரை கிடைக்கும். மொத்தமாக விலை பேசி வாங்குவதால் புட்டி மாற்றும் தந்திரத்துக்கு அங்கே இடம் குறைவு. வரிசை நீளம், மருந்து இருப்பு இல்லை என்ற குறைகள் நமக்குத் தெரிந்தவை. இருந்தாலும் அமைப்பின் யோசனை சரியானது.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருக்கும் தொழிலாளிக்குத்தான் கஷ்டம். திருப்பிக் கொடுக்கிறோம் என்றால் முதலில் அவர் கையிலிருந்து போட வேண்டும். தினக்கூலிக்காரர் கையில் ஏது? கடையில் ரசீது கேட்டு வாங்கி, அதைப் பத்திரப்படுத்தி, முதலாளியிடம் நடந்து, கொடுக்காவிட்டால் ஆணையரிடம் போக வேண்டும். அதற்குள் பாதிப் பேர் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவில் தேவைக்கு மேல் மருந்து போய்ச் சேர்ந்தது; இங்கே தேவையான மருந்தே போய்ச் சேருவதில்லை. 'உண்மையான செலவு' என்று எழுதியவர்கள் அந்தச் செலவு எப்படி, எத்தனை நாளில் அவர் கைக்கு வரும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

இந்த நூற்றிருபது ஆண்டுச் சரித்திரத்தைப் படித்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மருந்துப் பட்டியல் எழுதுகிறவருக்கு மருந்து தெரிந்திருக்க வேண்டும். விற்பனையில் பங்கு இருக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத மருந்து ஒருவருக்கு உண்மையிலேயே தேவையென்றால், கேட்பதற்கு ஒரு கதவு இருக்க வேண்டும். பதில் நாள் கணக்கில் வர வேண்டும், மாதக் கணக்கில் அல்ல. பழைய நோயாளிக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொகையைக் கூட்டிப் பார்ப்பவர் மட்டும் போதாது, கோப்பைப் படிப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வாஷிங்டன் மருந்தாளுநர் எந்த மாத்திரை விலை அதிகம் என்று மட்டும் பார்த்திருந்தால், அந்த 32 பேர் எதனால் இறந்தார்கள் என்பது வெளியே வந்தே இருக்காது.

நம் வயதில் வீட்டில் மருந்துப் பெட்டி இல்லாதவர் யாரும் இல்லை. வலி மாத்திரை பல மாதமாக ஓடிக்கொண்டிருந்தால், இது இன்னும் எனக்கு வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு முறை கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நம் ஊர் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசையில் நின்றவர்கள், அல்லது வரிசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மருந்து கொடுத்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தை எனக்கு எழுதுங்கள். ஆலையில் அடிபட்டவருக்கு அந்தக் காலத்தில் மருந்து எப்படிக் கிடைத்தது, யார் பணம் கொடுத்தார் என்று நேரில் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்க ஆசை. வருவதைச் சேர்த்து இன்னொரு கட்டுரையாக எழுதுகிறேன்.